கஜாவுக்குப் பிறகு நின்ற மரம்

கஷ்டகாலத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் கையோடு ஒரு நாணலைக் கொண்டுவருவார்கள். புயலில் ஆலமரம் விறைத்து நின்று வேரோடு சாய்ந்ததாம், நாணல் வளைந்து கொடுத்துப் பிழைத்ததாம். ஆகவே வளையுங்கள், மாற்றத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துக் கதை, கேட்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. இதைப் பட்டுக்கோட்டையிலோ பேராவூரணியிலோ போய்ச் சொன்னால் ஒருவரும் தலையாட்ட மாட்டார்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது அந்தப் பக்கம் தோப்பு தோப்பாகச் சாய்ந்தது தென்னை. காற்றுக்கு வளைந்து கொடுப்பதில் தென்னைக்கு ஈடான மரம் இந்த மண்ணில் இல்லை. வளைந்தது, வளைந்து வளைந்தே விழுந்தது.

ஏன் விழுந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. பருத்த தூரிலிருந்து கயிறு கயிறாக ஆயிரக்கணக்கில் வேர்கள் கிளம்பி, பெரும்பாலும் மேல் நாலைந்து அடி மண்ணுக்குள்ளேயே படர்கின்றன. 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாயின் கடைமடை இது. இங்கே பல இடங்களில் பழைய டெல்டாவின் களிமண்ணைப் பார்க்க முடியாது. மணலும் செம்மண்ணும் கலந்த மண், நீர் இறங்கும், தென்னைக்குத் தோதானது. மழையில் ஊறினால் அதே மண் பிடியை விட்டுவிடும். புயலின் கண் கடக்கிற பாதையில் காற்று ஒரே பக்கமிருந்து அடிப்பதில்லை என்பது இன்னொன்று. முதலில் வடக்கேயிருந்து மணிக்கணக்கில் அடிக்கும். அப்புறம் ஒரு அமைதி. முடிந்தது என்று நினைக்கும்போது தெற்கேயிருந்து அடிக்கும். முதல் காற்று வேரைத் தளர்த்தி வைத்துவிட்டுப் போக, இரண்டாவது காற்று தள்ளிவிடும். நாணல் கதையை எழுதியவர் இந்த இரண்டாவது காற்றைப் பார்த்திருக்க மாட்டார்.

அதனால் மனசை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தோப்புக்காரர் புயலுக்கு மறுநாள் எதைச் செய்ய வேண்டியிருந்தது, எதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆனது, மூன்று வருஷம் கழித்து எது தெரியவந்தது என்று பார்த்தால் போதும்.

முதல் வேலை: தூர்

நிவாரணக் கணக்கு மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஹெக்டேருக்கு 175 மரம் என்று வந்தது. ஏக்கருக்குச் சுமார் 70 மரம். இருபத்தைந்துக்கு இருபத்தைந்து அடி இடைவெளியில் நட்ட தோப்பில் சரியாக அந்த எண்ணிக்கைதான் நிற்கும். பணத்தைவிட அந்த இரண்டாவது வரி முக்கியமானது. வெட்டி அப்புறப்படுத்துவது என்பது தோப்பைப் பார்வைக்குச் சுத்தமாக வைக்கிற காரியம் இல்லை. விழுந்த தென்னை சும்மா கிடப்பதில்லை. அழுகத் தொடங்கிய தண்டுக்குள் காண்டாமிருக வண்டு முட்டையிடும். முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளியே வர ஐந்தாறு மாதம். அதாவது புயலில் தப்பிய மரத்தையும் புதிதாக வைத்த தென்னம்பிள்ளையையும் அடுத்த ஆண்டு தாக்கப்போகிற படை, இந்த ஆண்டு விழுந்த மரத்துக்குள்தான் வளர்கிறது. வண்டு குருத்தைக் குடைந்தால், விரிந்து வரும் ஓலை கத்தரியால் முக்கோணமாக வெட்டினாற்போல் இருக்கும். பெரிய மரம் தாங்கிக்கொள்ளும். சின்னப் பிள்ளைக்கு அந்த ஒரு துளையே போதும், முடிந்துவிடும்.

எனவே தண்டை மூன்று நான்கு அடித் துண்டுகளாக அறுத்து, பிளந்து, காயவைத்து, செங்கல் சூளைக்கோ அடுப்புக்கோ அனுப்பிவிட வேண்டும். அப்புறப்படுத்த வழியில்லாத குவியலிலும் எருக்குழியிலும் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலந்துவிட்டால் புழு அங்கேயே சாகும். தோப்புக்குள் அங்கங்கே சின்ன மண்பானைகளை வைத்து, 5 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ ஆமணக்குப் புண்ணாக்கு என்று ஊறவைத்தால் அந்த நாற்றத்துக்கு வண்டுகள் வந்து விழும். நிற்கிற மரத்துக்கு நடுக்குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து மரத்துக்கு 150 கிராம் போடலாம். இதெல்லாம் தெரிந்தவர்கள்கூட அந்தச் சமயத்தில் தவறிய இடம் ஒன்று உண்டு. தண்டை அறுத்துக் கொடுத்துவிட்டுத் தூரை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். ஜேசிபி வாடகை இருந்த நிலையில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் தூர் வண்டுக்கும் வீடு, பூஞ்சைக்கும் வீடு. அடித்தண்டு அழுகலுக்குப் பெயரே தஞ்சாவூர் வாடல் நோய். தமிழ்நாட்டில் அது முதலில் பதிவானது 1952இல் இதே தஞ்சாவூர் மாவட்டத்தில். அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு வடியும், வெளிவட்ட மட்டைகள் ஒவ்வொன்றாய்த் தொங்கும், கடைசியில் தூரில் காளான் தட்டு தட்டாய் முளைக்கும். பூஞ்சை மண்ணிலும் பழைய வேரிலும் தங்கி அடுத்த மரத்துக்குப் போகும். பழைய குழியிலேயே, பழைய தூருக்குப் பக்கத்திலேயே புதுப் பிள்ளையை வைத்தவர்கள் பிள்ளையோடு சேர்த்து நோயையும் நட்டார்கள்.

மாற்றம் என்று பேசுகிறவர்கள் புது நடவிலிருந்து தொடங்குகிறார்கள். என் கணக்கில் அது தூர் தோண்டுவதில் தொடங்குகிறது. அலுப்பான வேலை, செலவும் அதிகம், படம் எடுத்துப் போட அதில் ஒன்றும் இல்லை.

விழாத மரத்தை என்ன செய்வது

விழுந்த மரத்தைப் பற்றி முடிவெடுக்க யாரும் திணறவில்லை, மரமே முடிவெடுத்துவிட்டது. சாய்ந்து நின்ற இளமரங்களுக்கும் வழி இருந்தது. ஏழெட்டு வயதுக்குள் இருந்தால், மண் ஈரமாக இருக்கும் முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் நிமிர்த்திவிடலாம். குலைகளை இறக்கி, அடிமட்டைகளைக் கழித்து நடுவில் ஐந்தாறு மட்டையை மட்டும் விட்டு, சாய்ந்ததற்கு எதிர்ப்பக்கம் மண்ணைப் பறித்து, தண்டில் சாக்கைச் சுற்றி அதன்மேல் கயிறு கட்டி மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். கயிறு கொண்டையில் விழக்கூடாது. பிறகு மூன்று பக்கமும் முட்டுக்கொடுத்து மண் அணைக்க வேண்டும். அவசரப்பட்டு ஜேசிபி கையால் ஒரே தள்ளாகத் தள்ளி நிமிர்த்திய இடங்களில், மீதியிருந்த வேரும் அறுந்து, நிமிர்ந்த மரம் நிமிர்ந்தபடியே பட்டுப்போனது.

திணறடித்தது விழாமல் நின்ற மரம்தான். ஓலை முறுக்கிப் பிழிந்தாற்போல் இருக்கிறது, மட்டைகள் முறிந்து தண்டோடு தொங்குகின்றன, கொண்டை ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறது, ஆனால் நிற்கிறது. வெட்டவும் மனசு வராது, வைத்திருக்கவும் தைரியம் வராது. இந்த மரங்களைப் பற்றி 2019லும் 2020லும் நடந்த பேச்சு எல்லாத் தோப்பிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

“வெட்டுக்கு முப்பது காய் போட்ட மரம் பெரியப்பா. இப்ப ஏழு, எட்டு. அதுலயும் பாதி ஒல்லிக்காய். இதை வச்சுக்கிட்டு என்ன பண்றது? வெட்டிட்டுப் புதுசா வச்சிரலாம்.”

“காயைப் பாத்தே சொல்றியே தம்பி, குருத்தைப் பாத்தியா?”

“குருத்து பச்சையாத்தான் இருக்கு.”

“அப்ப விடு.”

பெரியப்பா அனுபவத்தில் சொன்னதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. மொத்த விஷயமும் எனக்கு அந்தக் கணக்கில்தான் திரும்பியது. தென்னையில் ஒரு பாளை நாம் பார்க்கிற அன்று பிறப்பதில்லை. கொண்டைக்குள், கண்ணுக்குத் தெரியாத அளவில் அதன் மூலம் உருவாகி, அது வளர்ந்து பாளையாக வெடிக்கச் சுமார் 32 மாதம் ஆகிறது. வெடித்த பாளையில் குரும்பை பிடித்து முற்றிய காயாக இன்னும் 12 மாதம். ஆகமொத்தம் 44 மாதம். கஜா அடித்த நவம்பரில் ஒரு மரத்தின் கொண்டைக்குள் புள்ளியாக உருவான குலை, 2021 ஜூலை வாக்கில்தான் பாளையாக வெடித்திருக்கும், 2022 ஜூலை வாக்கில்தான் வெட்டுக்கு வந்திருக்கும். இடையில் விழுந்த ஒல்லிக்காயும் உதிர்ந்த குரும்பையும் பெரும்பாலும் புயலுக்கு முன்பே உருவாகி, ஓலையிழந்து சோறு கிடைக்காத மாதங்களில் வளர்ந்தவை. 2019இல் மரத்தின் காயை எண்ணியவர் அன்றைய மரத்தை எண்ணவில்லை, அடி வாங்கிய மரத்தை எண்ணினார். காய் சொல்வது பழைய கணக்கு. இன்றைக்கு மரம் எப்படி இருக்கிறது என்பதைக் குருத்துதான் சொல்லும்.

குருத்தை எப்படிக் கேட்பது? இன்னும் விரியாமல் ஈட்டி மாதிரி நிற்கிற நடுக்குருத்துக்கும் அதை ஒட்டி விரிந்த மட்டைக்கும் சேர்த்து, ஒரே மட்டத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு. மறுவாரம் பார்த்தால் குருத்தின் கோடு மட்டையின் கோட்டைத் தாண்டி மேலே போயிருக்க வேண்டும். நெட்டை மரம் வருஷத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு மட்டை விடும், அதாவது மாதத்துக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் கூட. அடி வாங்கிய மரம் மெதுவாக விடும், பரவாயில்லை. முதலில் வரும் மட்டைகள் குட்டையாகவும் கீற்றுகள் ஒட்டிக்கொண்டும் வரும், அதுவும் பரவாயில்லை. அடுத்தது முந்தையதைவிட நீளமா என்பது மட்டும்தான் கேள்வி. கோடு நகரவே இல்லை, குருத்து வெளிறி மஞ்சளாகிறது, பிடித்து இழுத்தால் அழுகிய நாற்றத்தோடு கையோடு வந்துவிடுகிறது என்றால் அது குருத்தழுகல். ஆரம்பமாக இருந்தால் அழுகிய பாகத்தைச் சுத்தமாகச் செதுக்கியெடுத்து, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவி, மழை இறங்காமல் மூடிவைத்துக் காப்பாற்றலாம். நடுக்கிழங்குவரை போயிருந்தால் யாராலும் முடியாது. தென்னைக்கு உயிர்ப்புள்ளி அந்த ஒன்றுதான். வேம்பைப்போல் பக்கக்கிளை விட்டுத் தப்பிக்க அதற்கு வழி கிடையாது.

இந்தக் கணக்கு தெரியாமல் 2019இலேயே நல்ல மரத்தை வெட்டியவர்கள் உண்டு. குருத்து இல்லாத மொட்டை மரத்தை மூன்று வருஷம் தண்ணீர் கட்டிக் காத்தவர்களும் உண்டு. இரண்டு பேரும் பார்த்தது தவறான இடத்தை. மனுஷனுக்கும் இந்தத் தாமதம் பொருந்துமா என்று கேட்டால், எனக்குப் பொருந்தும் என்றுதான் தோன்றுகிறது. பேரிழப்பு வந்த வீட்டில் அடுத்த வருஷம் பிள்ளை மதிப்பெண் குறைவதும், கடன் கூடுவதும், மனுஷர் எரிந்துவிழுவதும் அந்த வருஷத்துக் காய்கள் அல்ல. அதை வைத்து ‘இவர் இனி எழ மாட்டார்’ என்று முடிவு கட்டுகிற சொந்தக்காரர்களை எல்லாருக்கும் தெரியும்.

நாற்பத்தைந்து நாள் பழக்கம்

தோப்புக்காரருக்குத் தென்னை ஒரு சம்பளம். நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டு, வியாபாரி வருவார், எண்ணுவார், பணம். மேட்டூர் ஜூன் 12இல் திறக்குமா என்று நெல்காரர் வானத்தையும் அணைமட்டத்தையும் பார்த்துக்கொண்டிருக்கையில், தென்னைக்காரர் பள்ளிக்கூடக் கட்டணத்தையும் சீட்டுப் பணத்தையும் வெட்டு தேதியை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளை கைவிட்டாலும் தென்னம்பிள்ளை கைவிடாது என்று சும்மா சொல்லவில்லை. புயல் எடுத்துக்கொண்டது மரத்தை மட்டுமல்ல, இந்தத் தவணையையும். மறுபடி நட்டால் நெட்டை காய்க்க ஆறேழு வருஷம், ஒட்டுரகம் என்றால் நாலைந்து, குட்டை மூன்று நான்கு. விளைச்சல் நிலைக்கு வர அதற்குமேல் சில வருஷம். அதுவரைக்கும் வீடு மறுபடியும் பருவத்துக்குப் பழக வேண்டும். நடவைவிட இதுதான் கடினம் என்பது என் அபிப்பிராயம். முப்பது வருஷமாக விதைக்காத கை.

ஊடுபயிர் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளை வைத்த முதல் ஏழு வருஷம் வெயில் தரையில் விழும், அந்தக் காலம் வரம். அப்புறம் இருபது வயதுவரை நிழல் அடர்ந்துவிடும். கடலை, உளுந்து, எள் மூன்றும் இந்த மண்ணுக்கு ஒத்துவரும். கொத்து ரக நிலக்கடலைக்கு ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு விதை, நாற்பது நாற்பத்தைந்தாம் நாள் மண் அணைக்கும்போது 160 கிலோ ஜிப்சம். ஜிப்சத்தைத் தவிர்த்தால் காய் பொக்காகும், அதை மிச்சம் பிடித்தவர்கள் அறுவடையில்தான் தெரிந்துகொண்டார்கள். பிள்ளையைச் சுற்றி ஆறடி வட்டத்துக்குள் ஒன்றும் விதைக்கக்கூடாது. ஆசை காட்டுவது நெல். டெல்டாக்காரர் தண்ணீர் கண்டால் நெல்லைத்தான் நினைப்பார். தென்னம்பிள்ளைக்கு நடுவே நெல்லும் கரும்பும் கூடாது, தேங்கிய நீரில் பிள்ளை மூச்சுமுட்டும். தண்ணீர் வசதி இருந்தால் வாழை நல்லது. தஞ்சாவூர் வாடலின் பரவலை வாழை ஊடுபயிர் குறைக்கிறது என்பதால் தூர் எடுக்காமல் விட்ட தோப்புக்கு இரட்டிப்பு நல்லது. நோய் தொட்ட மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கும், அடியைச் சுற்றி ஒரு சத போர்டோ கலவை 40 லிட்டரும் கூடவே வேண்டும்.

பிள்ளை வைக்கும் முறையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள், ஆகவே சுருக்கமாக. மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழக் குழி. எரு, செம்மண், மணல் சமமாகக் கலந்து இரண்டடிவரை நிரப்பி நடுவில் வைப்பது. மேல் ஓரடியை மரம் வளர வளர நிரப்பலாம். கழுத்தை மண்ணில் புதைத்துவிட்டால் பிள்ளை தேறாது, மழையில் சரிந்து விழும் மண்ணை அவ்வப்போது எடுத்துவிட வேண்டும். மேற்கு வெயிலுக்கு ஒரு கீற்று மறைப்பு. ஆனி ஆடியிலோ மார்கழி தையிலோ நடலாம். ஐந்தாம் வருஷத்திலிருந்து மரத்துக்கு ஆண்டுக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, 50 கிலோ தொழுவுரம், இரண்டு தவணையாக. முதல் வருஷம் ரசாயன உரம் இதில் கால் பங்கு.

கன்றுத் தேர்வில் மட்டும் சுருக்க முடியாது. புயலுக்கு அடுத்த வருஷம் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் கன்று வேண்டியிருந்தது. வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. கிழக்குக் கடற்கரை நெட்டையைத் தாயாக வைத்து அங்கே உருவான ஒட்டுரகங்களும் இருக்கின்றன. இருந்தும் லாரியில் வந்திறங்கிய, தாய் தெரியாத கன்றை வாங்கியவர்கள் அனேகம். கன்றின் குற்றம் ஆறு வருஷம் கழித்துப் பாளை விடாதபோதுதான் தெரியும், அப்போது யாரிடம் போய்க் கேட்பது? பார்க்க வேண்டியவை மிகச் சில: ஒன்பது பத்து மாத வயது, குறைந்தது ஆறு இலை, கழுத்துச் சுற்றளவு 10 சென்டிமீட்டர், இலை சீக்கிரமே கீற்றாகப் பிரியத் தொடங்கியிருக்க வேண்டும். உயரமாக மெலிந்து நிற்கிற கன்று பார்வைக்கு வளர்ந்ததுபோல் இருக்கும், நெருக்கி வைத்த நாற்றங்காலில் வெளிச்சம் தேடி ஓடியது அது. குட்டையாக, கழுத்து தடித்து நிற்பதைத்தான் எடுக்க வேண்டும். நாற்றங்காலில் ஐந்து மாதத்துக்குள் முளைக்காத நெற்றைத் தள்ளிவிடுவது முறை. அவசரத்தில் அந்தத் தள்ளுபடியும் விற்பனைக்கு வரும்.

பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான், தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான் என்பார்கள். அறுபது வயதைத் தாண்டி 2019இல் குழி வெட்டியவர்களை அந்தச் சொலவடை கொஞ்சம் குத்தியிருக்கும். நெட்டையா ஒட்டா என்ற பேச்சில் பாதி, உண்மையில் வயதைப் பற்றிய பேச்சு. பலர் இரண்டையும் கலந்து வைத்தார்கள், எனக்குத் தெரிந்து நல்ல முடிவு அது.

தழும்பு

புளியும் வேம்பும் வெட்டுப்பட்டால் பட்டை வளர்ந்து காயத்தை மூடும். தென்னைக்கு அந்தப் பட்டை கிடையாது. அது ஒருமுறை விட்ட தண்டு அதோடு சரி, பிறகு பருக்காது, மெலியாது, காயம் மூடாது. ஏற வசதியாக எப்போதோ வெட்டிய படி, மரம் நிற்கும்வரை படியாகவே இருக்கும். பஞ்சகாலத்தில் விட்ட தண்டு பஞ்சத்தின் அளவிலேயே நிற்கும், நல்ல காலம் வந்தால் அதற்குமேல் விடும் தண்டு பருத்து வரும்.

அதனால் அன்று நின்று, குருத்து விட்டுத் தேறிய மரங்கள் பலவற்றில் இன்று ஓர் இடம் தெரியும். கொண்டைக்குக் கீழே ஓர் ஆள் உயரம், ஒன்றரை ஆள் உயரம் இறங்கினால், மட்டை விழுந்த வளையங்கள் திடீரென்று நெருங்கி, தண்டு இடுப்பைப்போல் ஒடுங்கி, மறுபடி அகன்றிருக்கும். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் சரியாகத் தெரியாது. மரமேறும் கருவியில் ஏறுகிறவருக்குத் தெரியும். அந்த இடம் வந்ததும் கம்பி வளையம் தளர்ந்து வழுக்கப் பார்க்கும். நின்று, ஒரு கையால் மரத்தைக் கட்டிப்பிடித்து, வளையத்தை இறுக்கிவிட்டு, அதைத் தாண்டி மேலே போவார்.